முழங்காலும் இரண்டு சாண் மண்ணும்

என் இடது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. வற்புறுத்தி மடக்கினால் உள்ளே யாரோ குறட்டால் பிடித்து இழுப்பதுபோல் வலிக்கும். குந்தியிருந்து தேங்காய் திருவ முடியாது. அதனால் வாங்குப் பலகையின் மேல் திருவலையை வைத்து, கதிரையில் இருந்து திருவுகிறேன். தேங்காய்ப்பூ பாதி சட்டியிலும் பாதி தரையிலும் விழுகிறது. "தொரசாணி ஒக்காந்துட்டாங்க, இன்னிக்குக் கோழிக்குத்தான் கொண்டாட்டம்" என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார்.

எங்கள் இருவரின் பெற்றோரும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து வன்னியில் ஜெயபுரத்தில் குடியேறியவர்கள். அவர் இன்னும் அந்த மலைநாட்டுப் பேச்சை விடவில்லை. நான் வேலைக்குப் போன இடத்தில் வன்னிப் பேச்சுக்கு மாறிவிட்டேன். வலித்தால் மட்டும் இரண்டிலும் ஒரே சொல்தான்: ஐயோ அம்மா. அந்தச் சொல்லை எட்டு மாதம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வேலை செய்தேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மிதிவெடி அகற்றும் வேலையில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, பயமில்லையா என்றுதான். முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்கோ பயம் காலையில் கவசத்தைப் போடும்போது ஒரு தரம் வந்துவிட்டுப் போய்விடும். முழங்கால் நாள் முழுக்கக் கூடவே இருக்கும்.

வேலை இப்படித்தான். ஒரு காணியைக் கயிறு கட்டி, ஒரு மீற்றர் அகலமான லேன்களாகப் பிரிப்பார்கள். லேனுக்கு ஒருத்தி. முன்னால் குறுக்கே ஒரு சிவப்புக் கோல் கிடக்கும். கோலுக்கு இந்தப் பக்கம் தேடி முடித்த மண், அந்தப் பக்கம் தேடாத மண். கோலுக்குப் பின்னால் முழங்கால் குத்தி இருந்து, புல்லை வெட்டி, நீளப் பிடி போட்ட விறாண்டியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு கை புதையும் ஆழம் வரை பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் கோலை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்து, நாமும் ஒரு சாண் நகர்ந்து, மறுபடியும் முழங்கால் குத்த வேண்டும். வெயில் நெஞ்சுக் கவசத்தைச் சுட வைத்துவிடும். முகத்து மறைப்பில் மூச்சுப் படிந்து மங்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்ததற்காக ஆசிரியர் என்னை முழங்காலில் நிற்க விட்டபோது, பிறகு இதையே சம்பளத்துக்குச் செய்யப் போகிறேன் என்று நினைத்தேனா?

ஆனால் அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது. அதை ஒளிக்க மாட்டேன். இளவயதில் பிறருடைய வயலில் களை பிடுங்கப் போனபோது எங்களுக்குத் தேத்தண்ணி வேறு கோப்பையில் வரும். தோட்டக்காட்டார் என்ற சொல்லை எங்களுக்கு முன்னால் சொல்ல மாட்டார்கள். நாலடி தள்ளிப் போய்ச் சொல்வார்கள். இந்த வேலையில் அது இல்லை. லேனுக்குள் இறங்கினால் சாதியும் ஊரும் வெளியே நின்றுவிடும். எங்கள் அணிக்குத் தலைவராக இருந்த அண்ணை புதிதாக வருகிற பிள்ளைகளை என் லேனுக்குக் கூட்டிவந்து, "வேலை எண்டா இப்பிடி இருக்கோணும், பாருங்கோ. ஒரு அங்குலம் விடமாட்டா" என்று காட்டுவார். நான் காது கேளாதவள்போல் விறாண்டியை இழுத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குச் சோறு இரண்டு அகப்பை கூடுதலாக இறங்கும்.

வீக்கம் முதலில் ஒரு எலுமிச்சங்காய் அளவில் வந்தது. முழங்கால் சில்லுக்கு நேர் முன்னால், தோலுக்கு அடியில் மெத்தென்று இருந்தது. அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்வது தெரியும். எங்களுக்கு முழங்கால் மெத்தை தருவார்கள், அது உண்மை. ஆனால் அது வியர்வையில் வழுக்கி ஆடுதசைக்கு இறங்கிவிடும். இறுக்கிக் கட்டினால் கால் விறைக்கும். மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் மண் புகுந்து அரைக்கும். இரண்டு மாதத்தில் எலுமிச்சங்காய் தோடம்பழம் ஆகிவிட்டது. தோல் சிவந்து, தொட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பாத்திரம்போல் சூடாக இருந்தது.

"என்னா புள்ள இது, காலு இப்புடி வீங்கிக் கெடக்கு? டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"காட்டினா எழுதிக் குடுப்பாங்க. எழுதுன துண்டு வேலையிடத்துக்குப் போவும். என்னைய லேன்ல இருந்து எடுத்துருவாங்க" என்றேன்.

அவர் வேலியோரம் போய் எருக்கிலை பறித்துவந்து, நல்லெண்ணெய் தடவி, சட்டியில் வாட்டி ஒத்தடம் கொடுத்தார். பின்னேரம் பின்னேரமாக அதுதான் எங்கள் வைத்தியம். எருக்கிலை வீக்கத்தை வற்ற வைக்கவில்லை. வேலியில் இருந்த செடியைத்தான் மொட்டையாக்கியது.

வேலையிடத்தில் ஒளிப்பது அதைவிடக் கஷ்டம். தினமும் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, மருத்துவ உதவிக்கு இருக்கும், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடுகிற பெண் ஒவ்வொருவரையும் கேட்பாள்: "காய்ச்சல், தலையிடி, வேற ஏதும் நோவு இருக்கோ அக்கா?" நான் இல்லை என்பேன். எல்லோரும் இல்லை என்பார்கள். உடுப்பு மாற்றும் கூடாரத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே போய்க் காற்சட்டையை மாற்றிவிடுவேன். சில நாட்களில் எனக்கு முன்பே இரண்டு மூன்று பேர் மாற்றி முடித்து நிற்பார்கள். இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது இவளுகளுக்கு என்று நினைத்ததோடு விட்டுவிட்டேன்.

முதுகு பிடித்த ஒருத்தியை அதற்கு முதல் வருடம் முகாமில் சமையலுக்கு மாற்றியிருந்தார்கள். அவள் அழுது அழுது அரிசி அரித்ததை நான் பார்த்திருக்கிறேன். என்னால் அது முடியாது. நான் விறாண்டியைக் கீழே வைத்தால், பிறகும் களை பிடுங்குகிற பழைய பெண்தான் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது அதுதான் நான்.

அப்போது நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த காணி, யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து நீர்ப்பாசனத் திட்டத்துக்கு வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் காணி. சண்டையில் விட்டுப்போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அந்த வீட்டு அம்மா மல்லாவியில் மகளோடு இருந்தார். கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறி வந்து, கயிற்றுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரையும் தொந்தரவு பண்ண மாட்டார். ஓய்வு நேரத்தில் நாங்கள் வெளியே வந்தால் ஒரே கேள்விதான் கேட்பார். "எவ்வளவு முடிஞ்சுது, பிள்ளையள்?" நாங்கள் கையால் காட்டுவோம். அவர் அந்தத் தூரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அந்த வருடம் வைகாசியில் அம்மன் கோயில் பொங்கல் வந்தது. நான் அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். இந்தக் காணி முடியும்வரை என் முழங்கால் தாங்க வேண்டும், அதற்காக வீதி சுற்றி அடியழிக்கிறேன் என்று. எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆண்கள் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். பெண்கள் தலை முழுகி ஈரச் சேலையோடு சில அடி நடந்து, முழங்காலில் விழுந்து, இரண்டு கையும் நெற்றியும் மண்ணில் பட வணங்கி, எழுந்து, மறுபடி சில அடி நடந்து விழுவார்கள். வீதி முழுவதும் அப்படித்தான். அதுதான் அடியழித்தல்.

எனக்குப் பக்கத்து லேனில் வேலை செய்த சிநேகிதி அக்கராயன்காரி. வாய் கொஞ்சம் நீளம், மனம் வெள்ளை. என் முழங்கால் சங்கதி அவளுக்கு மட்டும் அரைகுறையாகத் தெரியும். நேர்த்தியைச் சொன்னதும் சோற்றுப் பார்சலை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எடியே, உனக்கு விசரே? முழங்கால் நோவுக்கு முழங்காலில விழுந்தோ நேத்தி? தலையிடிக்குச் சுவரில தலையை மோதுற மாதிரி எல்லோ இருக்கு."

"அம்மனோட பகிடி விடாத" என்றேன்.

"நான் அம்மனோட விடேல்ல. உன்னோட தான் விடுறன்."

அவள் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. ஆனால் எனக்கு என் நேர்த்தி பிழையாகவே படவில்லை. நோகிற இடத்தைத்தானே கொடுக்க வேண்டும்? நோகாத கையைக் கொடுத்தால் அம்மன் என்ன நினைப்பாள்? நேர்த்தி பலித்த பிறகுதான் செலுத்துவது வழக்கம். எனக்கு அவசரம், முன்கூட்டியே செலுத்திவிட்டேன். முதல் இருபது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்து எழுந்தேன். அதற்குப் பிறகு நோவு மரத்துப்போனது. சுற்றி முடித்துக் கோயில் வாசலில் நின்றபோது, அம்மன் நோவை எடுத்துவிட்டாள் என்று நினைத்து விம்மி அழுதேன். பக்கத்தில் நின்றவர்களும் பக்தி என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது முழங்கால் என்று ஒன்று இல்லை. தொடைக்கும் கணுக்காலுக்கும் நடுவே பளபளவென்று ஒரு உருண்டை. என் வீட்டுக்காரர் கும்பிட்டுக் கேட்டார், நாளைக்கு மட்டும் லீவு போடு என்று. நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

அன்று காலையில் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். வலது முழங்காலில் பாரத்தைப் போட்டு, இடதுகாலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குப் பிறகு வலதும் நோகத் தொடங்கியது. கடைசி நேர வேலையின்போது இடதுகாலை மடக்கிப் பார்த்தேன், கண் இருண்டது. இடதுகாலை நீட்டியபடி குந்தியிருந்து செய்யப் பார்த்தேன். குந்தியிருப்பது எங்கள் வேலையில் தடை, சாய்ந்தால் முன்பக்கம்தான் விழுவோம். நான் உண்மையிலேயே சாய்ந்தேன். விறாண்டியை ஊன்றித் தப்பினேன். மணி பார்த்தேன், இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எழுந்து நின்றபடி, கோலுக்கு முன்னால் இருந்த மண்ணை மேலாக, கோழி கிளறுகிற அளவுக்குக் கிளறினேன். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கோலை இரண்டு சாண் முன்னால் தள்ளி வைத்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. இரண்டு சாண் நீளம், ஒரு மீற்றர் அகலம். பிறகு நோவு கொஞ்சம் தணிய, பழைய இடத்திலேயே வலது முழங்காலை ஊன்றி, விறாண்டியின் நீளப் பிடியால் எட்டி, அதற்கு அப்பால் ஒரு முழத்தை ஒழுங்காகத் தேடிக் கோலை அங்கே தள்ளி வைத்தேன். விசில் ஒலித்தது. துண்டில் அன்றைய தூரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேடியது என்று.

அடுத்த நாள் காலையில் லேனுக்குள் நடந்து போனபோது அந்த இடம் வந்தது. என் கால் தானாக அகல எடுத்து வைத்தது. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, நோவு உச்சியில் அடிக்க, அந்த இரண்டு சாணைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்தில் நின்றேன். தாண்டிய பிறகுதான் எனக்கு வியர்த்தது. அதுவரை மனதுக்குள் ஒன்றும் இராது, ஒன்றும் இராது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நான். என் கால் என்னை நம்பவில்லை.

அதைத் திரும்பத் தேட வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். கோலைப் பின்னுக்கு இழுக்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லை, எழுதின கணக்கு எழுதினதுதான். சொன்னால் என் பெயர் அத்தோடு சரி. அதனால் சொல்லவில்லை. கோலுக்குப் பின்னால் ஒற்றை முழங்காலில் நின்று வேலையைத் தொடங்கிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அண்ணை வந்துகொண்டிருந்தார். ஆழம் சரியா என்று அளக்க ஒவ்வொரு லேனுக்குள்ளும் அவர் வருவது வழக்கம். தேடி முடித்த மண்ணில் வருகிறவர் எதற்கு நிலத்தைப் பார்க்க வேண்டும்? என் லேன் என்றால் அவர் நிமிர்ந்தே நடப்பார்.

நான் உடனே வாயைத் திறக்கவில்லை. இதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதையெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை. அவர் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். போன கிழமை இதே லேனில் மூன்று வெடி எடுத்திருந்தேன். மூன்றும் ஒரே இடைவெளியில் புதைத்தவை. அந்தக் கணக்குப்படி அடுத்தது இன்னும் தூரத்தில்தான் இருக்க வேண்டும், இந்த இரண்டு சாணில் இருக்காது என்று மனது கணக்குக் காட்டியது. புதைத்தவன் கணக்குப் பார்த்துத்தான் புதைத்திருப்பான் என்று நம்பி எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று எங்களுக்குப் படிப்பித்ததே அவர்தான்.

"அண்ணை, நில்லுங்கோ" என்றேன். குரல் வரவில்லை. திரும்பவும் கத்தினேன். "அண்ணை! அதில கால் வைக்காதேங்கோ!"

அவர் எடுத்த காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லப் பின்னுக்கு வைத்தார். விசிலை எடுத்து ஊதினார். எல்லா லேனிலும் வேலை நின்றது.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"ரெண்டு சாண்."

"வேற எங்கையும்?"

"இல்ல அண்ணை."

"அம்மாவாண?" என்று சத்தியம் கேட்டார்.

"அம்மாவாண."

என்னை நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னார். பக்கத்து லேனிலிருந்து வழி வெட்டி என்னை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. வழி வெட்டினவள் என் அக்கராயன் சிநேகிதி. வெளியே வந்து பார்த்தால் அண்ணை பாலை மரத்தடியில் வெறும் நிலத்தில் இருந்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டார். அவருக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். என்னை ஏசியிருந்தால், அடித்திருந்தால்கூட, எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மருத்துவத் தங்கச்சி என் காற்சட்டையை மேலே சுருட்டப் பார்த்தாள். வீக்கத்துக்கு மேல் துணி ஏறவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, கோபத்தில் முகம் சிவக்க, "எல்லாரும் முழங்காலைக் காட்டுங்கோ" என்றாள்.

ஒருத்தியும் அசையவில்லை. என் சிநேகிதிதான் முதலில் குனிந்து காற்சட்டையைச் சுருட்டினாள். அவளுடைய இரண்டு முழங்காலிலும் எலுமிச்சங்காய் இருந்தது. அதற்கு மேல் எங்கள் வீட்டில் வாட்டினதுபோலவே எருக்கிலை, காய்ந்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு அடுத்தவள். பிறகு அடுத்தவள். ஒன்பது பேரில் என்னோடு ஆறு பேர். காலையில் என்னை முந்திக்கொண்டு உடுப்பு மாற்றினவர்கள் எல்லோரும் அந்த ஆறுக்குள் இருந்தார்கள். எத்தனை மாதம் தோளோடு தோள் வேலை செய்தோம்! ஒருத்தி ஒருத்தியிடம் சொல்லியிருந்தால் போதுமே. அதை நினைத்துத்தான் அன்று நான் அதிகம் அழுதேன்.

ஆசுபத்திரியில் ஊசி போட்டு இழுத்தார்கள். மஞ்சளும் சிவப்பும் கலந்த தண்ணீர் ஊசிக்குழலில் நிறைந்தது. டொக்டர் இளம் பெண். "முழங்கால் சில்லுக்கு மேல சின்னப் பை ஒண்டு இருக்கு அம்மா. தோலும் எலும்பும் ஒண்டோட ஒண்டு உரசாம இருக்கத்தான் அது. நீங்கள் திருப்பித் திருப்பி அதிலயே ஊண்டினா அது வீங்கித் தண்ணி கோக்கும். முந்தியே வந்திருந்தா ஓய்வோட சரிவந்திருக்கும். இப்ப கிருமியும் பிடிச்சிட்டுது" என்றார். "இனி முழங்கால் குத்துற வேலை சரிவராது."

"கோயில்ல?" என்று கேட்டேன்.

"கோயிலிலயும் தான்" என்றார். சிரிக்கவில்லை.

அண்ணை என் சத்தியத்தை நம்பவில்லை. என் லேன் முழுவதையும், முதல் சாணிலிருந்து, திரும்பத் தேட வைத்தார். நியாயம்தான். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஊசி ஏறியபோதுகூட எனக்கு அவ்வளவு நோகவில்லை. ஒரு அங்குலம் விடமாட்டாள் என்று காட்டின லேனை ஒவ்வொரு அங்குலமாகத் தேடினார்கள். அந்த இரண்டு சாணில் ஒரு துருப்பிடித்த ஆணியும் ஒரு போத்தல் மூடியும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"சும்மா வாயைத் திறந்து வேலையைக் கெடுத்துக்கொண்டாய்" என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஆணியும் மூடியும்தான் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அண்ணையின் கால் அந்தரத்தில் நின்றபோது யாருக்குத் தெரியும்?

மற்ற ஐந்து பேருக்கும் ஓய்வும் புது மெத்தையும் கிடைத்தது. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து கால் நீட்ட வேண்டும் என்று ஒழுங்கு வந்தது. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. முகாமில் ஒரு கதிரையைப் போட்டு, லேன்களுக்கு நடுகிற கோல்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடிக்க விட்டார்கள். முதல் மாதம் எவரையும் நிமிர்ந்து பார்க்காமல் அடித்தேன். பிறகு பழகிவிட்டது.

காணியைக் கையளிக்கிற நாள் வந்தது. அன்றைக்கு எங்கள் அணியில் ஒரு வழக்கம். கவசம், முகமூடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் செருப்போடு, எல்லோரும் ஒரே வரிசையாகக் கைகோத்துக் காணியின் இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைக்கு நடப்போம். காணிச் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து நிற்பார்கள். கடதாசியில் போடுகிற கையெழுத்தைவிட அவர்களுக்கு அதுதான் பெரிது. அன்று நான் வரிசையில் சேரவில்லை. கால் நோவைச் சாட்டாகச் சொல்லி ஓரமாக நின்றுவிட்டேன்.

நடந்து முடிந்த பிறகு மல்லாவி அம்மா என்னிடம் வந்தார். "பிள்ளை, கொஞ்சம் என்னோட வாறியோ? கிணத்தடி வரைக்கும் போய்ப் பாக்கோணும். தனியப் போகப் பயமாக் கிடக்கு" என்றார். அத்தனை பேர் நடந்து காட்டியும் அவருக்குப் பயம் போகவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் நொண்டினேன், அவர் மெல்ல நடந்தார். இரண்டு பேரின் வேகமும் சரியாக இருந்தது.

கயிறெல்லாம் எடுத்தாகிவிட்டது. லேன் எது, வெளி எது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் என் கால் மறுபடியும் அகலமாக எடுத்து வைத்தது. நோவில் "ஐயோ அம்மா" என்று வாயில் வந்துவிட்டது. தாண்டி அந்தப் பக்கம் நின்றுகொண்டு திரும்பினேன். அவர் இந்தப் பக்கத்தில் அப்படியே நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏன் பிள்ளை தாண்டினனீ?" என்று கேட்டார். "இதில என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். நான் தாண்டியதைப் பார்த்துவிட்டார். இனி எத்தனை அதிகாரிகள் வந்து சொன்னாலும் இந்த இடத்தில் அவர் கால் வைக்கப் போவதில்லை. பிள்ளைகளையும் வைக்க விடமாட்டார். இரண்டு சாண் மண்ணை இரண்டாவது தரமும் நான் கெடுத்துவிட்டேன். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். வீக்கத்தை ஒளித்தது, அடியழித்தது, கோலைத் தள்ளி வைத்தது, அண்ணையின் கால், திரும்பத் தேடியது, ஆணி, மூடி. அவர் குடையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

பிறகு, "முழங்காலைக் காட்டு" என்றார்.

சேலையைத் தூக்கிக் காட்டினேன். ஊசித் தழும்பும் கறுத்துத் தடித்த தோலும் இருந்தன. அவர் தொடவில்லை. பார்த்தபடியே, "எனக்குக் கோவம் வருது பிள்ளை. ஆரில எண்டுதான் தெரியேல்ல" என்றார்.

அவர் குரலில் இருந்தது மெய்யான கோபம். என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை; இன்றுவரை சொல்லவில்லை. குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு முன்னால் வந்து, அந்த இரண்டு சாணின் நடுவில் நின்றார். திரும்பத் தேடியாயிற்று, ஆணிதான், மூடிதான் என்று தெரிந்தும் அந்த ஒரு கணம் எனக்கு மூச்சு நின்றது. அவருக்கும் நின்றிருக்கும். என் பக்கம் கையை நீட்டினார்.

"வா" என்றார். "நீயும் மிதி."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, நோகிற காலை எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன்.